பெருநாள் களிப்பும் ஃபித்ராவின் நேரமும்

கோவாவில் கார்னிவல் என்று நான்கு நாள் களியாட்டம் நடப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். மோமோ ராஜா என்று ஒருவருக்கு வேடமிட்டு ஊர்வலம் விடுவார்கள். கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலம் தொடங்குமுன் உண்டு, உடுத்தி, ஆடித் தீர்த்துவிடும் வழக்கம் அது. நமக்கு அருகே மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கருப்பசாமி வேடம் பூண்டு, தோல்பையால் தண்ணீர் பீய்ச்சி வருவார்கள். இவற்றைப் பார்க்கும் நம் பிள்ளைகள், "நமக்குக் களிப்பே கிடையாதா?" என்று கேட்கிறார்கள்.

தாராளமாக உண்டு. ஆனால் நமது விருந்து நோன்புக்கு முன்னால் அல்ல, பின்னால்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவ்வூரார் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டிருந்தனர். அவற்றுக்குப் பதிலாக அவற்றிலும் சிறந்த இரு பெருநாட்களை அல்லாஹ் தந்திருப்பதாக அண்ணலார் அறிவித்தார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆடினர். ஆயிஷா (ரலி) நாயகி அவர்கள் சலிக்கும் வரை நின்று பார்க்கும்படி அண்ணலாரே மறைத்து நின்றார்கள். சிறுமியர் பாடியதை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோதும், பெருநாள் என்பதால் விட்டுவிடச் சொன்னார்கள். இதையெல்லாம் அறியாமல், பெருநாளில் சிரித்தாலே தப்பு என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வோரும் நம்மில் இருக்கிறார்கள்!

உடை விஷயத்தில், உள்ளவற்றில் நல்லதை உடுத்துவது ஸுன்னத்து. புதுத்துணிதான் வேண்டும் என்று கடன் வாங்கத் தேவையில்லை. ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் கூடாது. ஆண் பெண் வேடமும், பெண் ஆண் வேடமும் பூணுவது விலக்கப்பட்டது. மொஹரத்தில் புலிவேஷம் கட்டும் வழக்கம் தென்னாட்டில் பழையது. 1832-ல் வெளிவந்த 'கானூனே இஸ்லாம்' என்ற நூலிலேயே மொஹரம் வேஷங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பழையது என்பதால் அது மார்க்கமாகிவிடாது. ஆஷூராவின் ஸுன்னத்து நோன்பே.

இனி உணவு. நோன்புப் பெருநாளில் தொழுகைக்குப் புறப்படுமுன் பேரீத்தம்பழங்களை ஒற்றைப்படையாக உண்பது நபிவழி. பிறகு நெய்ச்சோறோ, பிரியாணியோ, இடியாப்பமும் ஆணமுமோ, சேமியாப் பாயசமோ அவரவர் வீட்டு வழக்கம். இவற்றில் மணப்பது ஏலக்காய். போடிநாயக்கனூரில் ஏலமே ஏலத்தில் விற்கிறது! அரபு நாட்டார் பேரீத்தம்பழத்தோடு தரும் கஹ்வாவிலும் இதே ஏலம்தான்.

ஏலக்காயைக் கொட்டும்போது அதைப் பறித்த கையை நினைக்கிறோமா? போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் போடி மெட்டு ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களையும், குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் வாழும் குடும்பங்களையும் சொல்கிறோம். பறிப்பு ஏறத்தாழ ஆகஸ்டில் தொடங்கிப் பிப்ரவரியோடு ஓயும். நமது பெருநாளோ ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னேறி வருவது. 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. பறிப்புக் கூலி நின்றுபோன மாதங்களில் பெருநாள் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில்தான் ஃபித்ராவின் அருமை தெரியும்.

நோன்பில் நேர்ந்த வீண் பேச்சுக்குப் பரிகாரமாகவும் ஏழைக்கு உணவாகவும் ஃபித்ரா விதிக்கப்பட்டது. மக்கள் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் அது கொடுக்கப்பட வேண்டும் என்பது நபியவர்களின் கட்டளை. ஸஹாபாக்கள் ஓரிரு நாள் முன்பே கொடுத்தார்கள். ரமளானிலேயே முற்படுத்திக் கொடுக்க ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டிலும் இடமுண்டு. ஈதுகா வாசலில் வாங்கும் காசு கடைத்தெருவில் இருப்பவருக்கு உதவும். போடியிலிருந்து குரங்கணி சுமார் 16 கிலோமீட்டர். அதற்கு மேலும் ஏறிப் போக வேண்டிய குடும்பத்துக்குப் பெருநாள் காலையில் கொடுத்து என்ன பயன்? அது எப்போது அரிசியாகி, எப்போது சோறாகும்? ஆகவே மலைப்பக்கம் உரிய ஏழைகள் இருப்பதை அறிந்த ஜமாஅத்தார் இருபத்தேழாம் கிழமைக்குள் வசூலித்து அனுப்பிவிடுவது நலம். தன் ஊரைவிட அங்கே தேவை அதிகம் என்றால் ஹனஃபி மத்ஹபில் அனுப்புவதில் தடையில்லை.

அளவு: ராவுத்தர்கள் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் தலைக்கு அரை ஸாஉ, அதாவது ஏறத்தாழ 1,630 கிராம் கோதுமை அல்லது அதன் கிரயம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு ஸாஉ, சுமார் இரண்டரைக் கிலோ அரிசி, தானியமாகவே. நிஸாபு உள்ள ஹனஃபி தகப்பன், தனக்காகவும் சிறு பிள்ளைகளுக்காகவும் கொடுக்க வேண்டும்.

தோட்டம் வைத்திருப்போருக்கு இன்னொன்று. ஃபித்ரா வேறு, கூலி வேறு. பாக்கிக் கூலியைக் கொடுத்துவிட்டு ஃபித்ராவாக எண்ணிக்கொள்ளக் கூடாது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், பெருநாள் துணி எடுக்கப் போகுமுன் அந்தக் கணக்கைத் தீர்ப்பதே முறை. கூலியாள் எந்த மதத்தவராயினும் இதுவே சட்டம். அவர் அண்டை வீட்டாராகவும் இருந்தால் பெருநாள் சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் அங்கும் போகட்டும். ஆடு அறுத்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் முதலில் விசாரித்தது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான்.