தராசு மாறினால் கிலோ கூடுமா?

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தகராறு எழுந்தால் உடனே தராசின் மேல்தான் பழி விழுகிறது. முள் தராசு ஏமாற்றுகிறது, டிஜிட்டல் தராசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒரு தரப்பின் நம்பிக்கை. டிஜிட்டல் வைத்துவிட்டோம், இனிக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்பது மறு தரப்பின் பதில். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் நிற்பது ஒரே நம்பிக்கையில்தான்: நுட்பமான கருவி வந்தால் அளவு நியாயமாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. ஓரளவு ஒழுங்காக இருக்கும் எந்தத் தராசும் ஒரு நிறுவையில் தவறவிடக்கூடியது சில பத்துக் கிராம்தான். கொழுந்து பறிப்பவரின் கையை விட்டுப் போகும் கிலோக்கள் போவது தராசுக்குள் அல்ல. தராசு காட்டும் எண்ணுக்கும் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏறும் எண்ணுக்கும் நடுவில்.

முதலில் இலக்கங்களைப் பற்றிய மயக்கத்தைப் பார்ப்போம். திரையில் தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் தெரிகிறதோ அத்தனை துல்லியம் என்று நினைப்பது தோட்டத்துக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. துப்பாக்கிக் குண்டின் விட்டத்தைச் சோதிப்பவர்கள்கூட இதில் தடுக்கி விழுவதுண்டு. சாதாரண டிஜிட்டல் கலிப்பர் 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். ஆனால் நல்ல தயாரிப்பிலேயே அதற்கு அனுமதிக்கப்படும் பிழை 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபாட்டைத் தேடுபவருக்கு அந்தக் கடைசி இலக்கம் வெறும் அலங்காரம். அதனால்தான் அந்த வேலைக்கு மைக்ரோமீட்டரை எடுக்கிறார்கள். அதில் அளக்கப்படும் பொருளும் அளக்கும் திருகும் ஒரே கோட்டில் இருக்கின்றன. கலிப்பரில் அளவுகோல் ஒரு பக்கம், பொருள் இன்னொரு பக்கம். இந்த விலகலே பிழைக்கு வாசல் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் அபே 1890இல் எழுதினார். தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் உருளைகளுக்கு வேலை செய்யும் மெக்கானிக்குக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொழுந்துத் தராசுக்கு வருவோம். 60 கிலோ வரை நிறுத்து 20 கிராம் படியில் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வணிகத் தராசுகளுக்கான சர்வதேசப் பரிந்துரையான ஓ.ஐ.எம்.எல். ஆர் 76இன்படி, இந்த வகைத் தராசு புதிதாகச் சரிபார்க்கப்படும்போது 10 கிலோவுக்கு மேல் 40 கிலோ வரையிலான சுமையில் 20 கிராம் மட்டுமே பிழைக்கலாம். பாவனையில் உள்ள தராசுக்கு அதன் இரு மடங்கு, அதாவது 40 கிராம். ஒருவர் ஒரு நாளில் மூன்று தடவை நிறுத்து, மூன்று தடவையும் பிழை அவருக்கு எதிராகவே விழுந்தாலும் இழப்பு 120 கிராம். நூறு கிராம் கோடுகள் போட்ட வட்ட முகப்புள்ள முள் தராசு, ஸ்பிரிங் தளராமல் இருந்தால், இதைவிடக் கொஞ்சம் மோசமாக இருக்கும். கிலோக்கணக்கில் மோசமாக இராது.

மலையில் ஈர்ப்பு விசை குறைவு, ஆகவே கொழும்பில் சரிபார்த்த தராசு நுவரெலியாவில் குறைத்துக் காட்டுமே என்று இயற்பியல் படித்த பிள்ளைகள் கேட்கலாம். கேள்வி சரியானது. ஸ்பிரிங் தராசும் டிஜிட்டல் தராசும் அளப்பது பொருள் கீழே இழுக்கும் விசையைத்தான். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் விசை குறைவது 0.05 சதவீதத்தை ஒட்டித்தான். இருபது கிலோ கொழுந்துக்குப் பத்துக் கிராம் அளவு வித்தியாசம். தராசைப் பாவிக்கும் இடத்திலேயே வைத்துச் சரிசெய்தால் அதுவும் இல்லாமல் போகும். எடைக்கல்லை எதிர்ப்பக்கம் வைத்து நிறுக்கும் பழைய கோல் தராசுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, இரு பக்கமும் ஒரே அளவு குறைவதால்.

அடுத்தது முத்திரை. இலங்கையில் வணிகத்துக்குப் பாவிக்கப்படும் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடுவது, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. முத்திரை இல்லாத தராசை ஏற்கக் கூடாது என்பதில் விவாதமே இல்லை. ஆனால் முத்திரை சொல்வது, சோதித்த அன்று, சோதித்த இடத்தில் தராசு சரியாக இருந்தது என்பதை மட்டுமே. அதன் பிறகு அது டிராக்டரில் மலைக்குப் போகிறது, மழையில் நனைகிறது, மூடுபனியின் ஈரம் உள்ளே இறங்குகிறது, மின்கலம் வற்றுகிறது. இதற்கு மருந்து விலை உயர்ந்த தராசு அல்ல. சரிபார்த்த 10 கிலோ எடைக்கல் இரண்டு போதும். காலையில் ஒன்றைத் தொங்கவிட்டு 10 காட்டுகிறதா, இரண்டையும் தொங்கவிட்டு 20 காட்டுகிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்க்க ஒரு நிமிடம் போதும். வெறும் தராசு பூச்சியம் காட்டுகிறது என்று காண்பித்துவிட்டு வேலையைத் தொடங்குவது சோதனை ஆகாது. பூச்சியத்தில் சரியாக நின்று 20 கிலோவில் பிழைக்கும் தராசுகள் உண்டு.

இனி கிலோக்கள் உண்மையில் போகும் இடம். புத்தகத்தில் முழுக் கிலோ மட்டும் எழுதும் வழக்கம் இருந்தால், 7.1 கிலோவும் 7.9 கிலோவும் 7 ஆகின்றன. ஒரு தடவைக்குச் சராசரியாக அரைக் கிலோ போகும். மூன்று நிறுவைக்கு ஒன்றரைக் கிலோ: தராசின் மிக மோசமான பிழையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். நாட்பேருக்கு, அதாவது ஒரு நாளின் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கும் தோட்டமானால் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது மேலதிகக் கிலோ ஒன்றுக்கு 50 ரூபா என்றும் வந்தது. அந்தக் கணக்கில் ஒன்றரைக் கிலோ 75 ரூபா. 18க்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டவருக்கோ அது முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் உள்ள இடைவெளியாகக்கூட மாறலாம். இருபது கிராம் வரை காட்டும் கருவியை வாங்கி, அது காட்டுவதில் தொள்ளாயிரம் கிராமைத் தூக்கி எறிவது, மைக்ரோமீட்டரால் அளந்துவிட்டுக் கோடரியால் வெட்டுவது போன்றது.

சாக்குக்கென்று மதிப்பிட்டுக் கழிக்கும் நிறையும் அப்படித்தான். வெறும் சாக்கையோ கூடையையோ நிறுத்துக் கழிப்பதற்கான பொத்தான் ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் தராசிலும் இருக்கிறது. ஐந்து விநாடியில் அளந்துவிடக்கூடிய ஒன்றை மதிப்பிட்டுக் கழிக்க வேண்டிய அவசியமே இல்லை. நனைந்த சாக்கு உலர்ந்ததைவிடப் பாரமாகும் என்பது உண்மை. அதை அறியவும் தராசே இருக்கிறது.

தண்ணீர் விஷயம் இவ்வளவு இலகுவானதல்ல. இங்கே நிர்வாகத்தின் வாதத்தில் நியாயம் உண்டு. தென்மேற்குப் பருவ மழையில் பறித்த கொழுந்தின் மேல் கணிசமான நீர் ஒட்டியிருக்கும். தராசுக்கு இலையும் ஒன்று, நீரும் ஒன்று. எவ்வளவு நுட்பமான தராசானாலும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே மழை நாளில் ஏதோ ஒரு கழிவு தேவை. ஆனால் அந்தக் கழிவு கண்மதிப்பில் 2 கிலோ, 3 கிலோ என்று விழும்போது, அளவின் தரம் அந்த மதிப்பீட்டின் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. வெயில் நாளிலும் அதே கழிவு தொடர்ந்தால் அதை ஈரத்துக்கான கழிவு என்று சொல்ல முடியாது. ஈரத்தையும் அளக்கலாம். பல சாக்குகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கிலோ எடுத்து, துணியில் கட்டிச் சுழற்றி மேல்நீரைப் போக்கி, மறுபடி நிறுத்தால் அந்த நேரத்துக் கழிவு சதவீதம் கிடைக்கும். பரிபூரணமான முறை இல்லைதான். இலையை நசுக்கினால் உள்நீரும் வரும், மாதிரி எடுப்பதிலும் பாரபட்சம் நுழையலாம். இருந்தாலும் எல்லோர் கண்முன்னும் நடக்கும் அளவீடு அது. மேலும், சதவீதமாகக் கழித்தால் 5 கிலோ கொண்டுவந்தவரும் 12 கிலோ கொண்டுவந்தவரும் ஒரே 2 கிலோவை இழக்கும் அநியாயம் நின்றுபோகும்.

கழிவு மிகையா, போதாதா என்பதற்குச் சாட்சி தொழிற்சாலையின் புத்தகங்களிலேயே இருக்கிறது. புதிய கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர்; உலர்ந்து வெளிவரும் தூளில் அது மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் 100 கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் என்பது டீமேக்கர்கள் நன்கு அறிந்த கணக்கு. மலையின் புத்தகங்களில் பறிப்பவர்களின் பெயரில் ஏறிய மொத்தம் 1000 கிலோ, அதே கொழுந்தில் வந்த தூள் 240 கிலோ என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால், எழுதப்படாத கொழுந்தும் தொழிற்சாலைக்குள் போயிருக்கிறது என்றுதான் பொருள். மாறாக 190 கிலோவே வந்தால், தண்ணீருக்கும் பணம் கொடுத்திருக்கிறோம் என்று நிர்வாகம் சொல்வதை நம்பலாம். பருவமும் இலையின் முற்றலும் இந்த விகிதத்தை அசைக்கும் என்பதால் ஒரு நாள் கணக்கை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் அசைவுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

அப்படியானால் தராசைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்ப்பது? 20 கிராம் படி தாராளம். 5 கிராம் காட்டும் தராசுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது வீண், காற்றில் ஆடும் சாக்கில் அந்த இலக்கம் நிற்கவே நிற்காது. ஆட்டத்தைச் சராசரியாக்கி எண்ணை நிறுத்திவைக்கும் வசதி, ஈரம் புகாத உறை, இரண்டு பக்கமும் தெரியும் திரை ஆகியவைதான் பயன்படும். முள் தராசின் பெரிய வட்ட முகத்தை வரிசையில் நிற்பவர்களும் பார்க்க முடிந்தது. கணக்கப்பிள்ளையின் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும் சின்னத் திரை அந்த விதத்தில் ஒரு பின்னடைவு. மொத்த நிறை, சாக்கு, ஈரக்கழிவு, மீதி என்று நான்கையும் தனித்தனியாக அச்சிட்டுத் துண்டு தரும் தராசுக்குப் பணம் கொடுக்கலாம்.

மழையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது முதல் ஆட்சேபம். ஒரே அளவான சாக்குகளைத் தோட்டமே கொடுத்தால் சாக்கின் நிறையைக் காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். ஈர மாதிரியும் ஒரு நிறுவை நேரத்துக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்றல்ல. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: கழிவை ஒழுங்குபடுத்தினால் கம்பனிகள் நாட்பேருக்கான கிலோவை உயர்த்திவிடும், தொழிலாளிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அப்படி நடக்கலாம். ஆனால் 18ஐ 20 ஆக்குவதென்றால் அதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்து, தொழிற்சங்கங்களுக்குக் காரணம் சொல்லித்தான் ஆக்க வேண்டும். சாக்கு, ஈரம், முழுக்கிலோ என்ற பெயர்களில் அது இப்போது யாரிடமும் கேட்காமலே 20 ஆகிவிடுகிறது.