கோல் வாங்குவதைக் குறைக்க: ஃபுட்பால் மேனேஜர் ஆடத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

ஜேடர்பாளையத்துப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "மூணு கோல் போடறோம் பெரியப்பா, நாலு வாங்கிக்கறோம்." கம்ப்யூட்டர் கேம் என்று வீட்டில் திட்டலாம். ஆனால் கால்பந்தைப் பார்க்கக் கற்றுத்தருவதில் இது நல்ல வாத்தியார் என்பது என் எண்ணம். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள் கண்ணு.

1. தோற்ற சூட்டோடு ஃபார்மேஷனை மாற்றாதே. வாங்கிய கோல்களை முதலில் திரும்பப் போட்டுப் பார். பந்து வலைக்குள் போவதற்குப் பத்துப் பதினைந்து நொடி முன்னாலிருந்து பார்க்க வேண்டும். பந்தை எங்கே பறிகொடுத்தோம், அப்போது யார் தன் இடத்தில் இல்லை, கடைசி பாஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நோட்டில் எழுது. பத்துப் பன்னிரண்டு கோல் சேர்ந்தால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். ராஜவாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த உனக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வரப்பில் தண்ணீர் கசிகிற இடத்தில் எவ்வளவு மண் போட்டாலும் நிற்காது. மறுபக்கம் போய் நண்டு வளையின் வாயைத் தேடி அடைக்க வேண்டும். சென்டர் பேக்கை விற்று வேறொருவனை வாங்குவது பெரும்பாலும் கசிகிற இடத்தில் மண் போடும் வேலைதான்.

2. ஓர் ஆளை நகர்த்தினால் அவன் விட்டுப்போன இடத்துக்கு யார் என்று உடனே கேள். பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். அதை இருவராகக் குறைத்தார்கள். இங்கிலாந்து லீக்கில் முந்தைய சீசனில் 4,700 ஆக இருந்த கோல்கள் 1925-26 சீசனில் 6,373 ஆயின. அந்த அக்டோபரில் ஆர்சனல் நியூகாசிலிடம் 0-7 என்று தோற்றது. அணியின் ஆட்டக்காரர் சார்லி பகன் வற்புறுத்த, மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்களத்தில் நின்ற சென்டர் ஹாஃபை இரண்டு பேக்குகளுக்கும் நடுவே இறக்கினார். அத்தோடு விட்டிருந்தால் நடுக்களம் திறந்து கிடந்திருக்கும். முன்வரிசையிலிருந்து ஆண்டி நீலைக் கீழே இழுத்து அந்த இடத்தையும் நிரப்பினார். அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றார்கள். ஒரு கோலும் வாங்காமல் வென்றார்கள் என்பதைக் கவனி.

உன் கையிலிருக்கும் ஆட்டத்திலும் இதே கணக்குதான். 2026 பதிப்பில் பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது வேறொன்று என்று தனித்தனியே வைக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற யார் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்று பார்த்து வை. ஸ்டேமினா குறைந்தவன் தலையில் அந்த ஓட்டத்தைக் கட்டாதே.

3. டிஃபென்ஸ் லைனும் பிரஸ்ஸிங் தொடங்கும் கோடும் சேர்ந்து ஏற வேண்டும், சேர்ந்து இறங்க வேண்டும். 1980-களின் கடைசியில் ஏ.சி. மிலானை நடத்திய அரிகோ சாக்கி, கடைசி டிஃபெண்டருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே சுமார் 25 மீட்டருக்கு மேல் இடம் விடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். புதியவர்கள் செய்வது நேர் எதிர்: கோலுக்குப் பயந்து லைனைக் கீழே இறக்கிவிட்டு, முன்னால் இருப்பவர்களை மட்டும் எதிரியின் பாக்ஸ் வரை துரத்தவிடுகிறார்கள். நடுவில் கிடக்கும் காலி நிலத்தில் எதிரணிக்காரன் நிதானமாகத் திரும்பிப் பந்தை விடுகிறான்.

லைனை ஏற்றுவதென்றால் சென்டர் பேக்கின் பேஸ், ஆக்ஸிலரேஷன் இரண்டையும் பார்த்துவிட்டு ஏற்று. எண்கள் 20-க்கு என்றாலும், ஒப்பிட வேண்டியது உன் லீக்கில் எதிரே வரப்போகும் ஸ்ட்ரைக்கர்களோடு. சென்னையின் எஃப்.சி.யை எடுத்து ஆடுகிறவன் ஐரோப்பாவின் பெரிய அணிகளில் இருக்கும் எண்ணைத் தேடி மனம் நோக வேண்டாம்.

4. ஃபுல் பேக் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மேலே அனுப்பாதே.

5. கார்னருக்கு ஆள் நிறுத்தும் பக்கத்தைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூருவுக்கும் சென்னையின் எஃப்.சி.க்கும் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. சொந்த மண்ணில் சுனில் சேத்ரி முதல் கோலைப் போட்டு பெங்களூருவை முன்னால் கொண்டுபோனார். பிறகு கார்னரிலிருந்து சென்னையின் சென்டர் பேக் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி ஒன்று; இடைவேளைக்கு முன் மறுபடி கார்னர், மறுபடி அவரே. 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு மேனேஜராக நீ பெங்களூரு பக்கம் நின்று அந்த ஆட்டத்தைப் பார். எதிரணியில் தலையால் முட்டுவதில் கெட்டிக்காரன் யார் என்று ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துகொள். ஜம்பிங் ரீச் அதிகமுள்ள உன் ஆள் அவனோடு ஒட்டியே நிற்கட்டும். கார்னர் அடிக்கும் பக்கத்துக் கோல் போஸ்டில் ஒருவன், பாக்ஸ் விளிம்பில் திரும்பி வரும் பந்துக்கு ஒருவன்.

6. டேக்லிங் எண்ணைப் பார்த்து மயங்கி ஆள் வாங்காதே. இடத்தில் நிற்கத் தெரிந்தவனுக்குக் காலை நீட்டிப் பந்தைப் பறிக்கும் அவசியமே குறைவு. பொசிஷனிங், கான்சன்ட்ரேஷன், ஆன்டிசிபேஷன், டிசிஷன்ஸ் நான்கையும் முதலில் பார். எண்பதாவது நிமிடத்துக்குமேல் அடிக்கடி கோல் வாங்குகிறாய் என்றால் கான்சன்ட்ரேஷனையும் ஸ்டேமினாவையும் சந்தேகப்படு.

7. ஆரம்பத்தில் ஒரு கோல் விழுந்ததும் எல்லாவற்றையும் கலைக்காதே. 2019 மார்ச் 9, கோவை நேரு மைதானம். சென்னை சிட்டி எஃப்.சி. அன்று வென்றால் ஐ-லீக் பட்டம். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. பயிற்சியாளர் அக்பர் நவாஸின் பிள்ளைகள் தங்கள் பாஸ் ஆட்டத்தை விடவில்லை. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா என்ற டிஃபெண்டர் இரண்டு போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகமாக, 43 புள்ளிகளோடு பட்டம் வந்தது. சென்னை சிட்டியைவிடக் குறைவாகக் கோல் வாங்கிய அணிகளும் அந்த சீசனில் இருந்தன. அதனால் ஓட்டையை அடைக்கிறேன் என்று உன் அணியின் கோல் போடும் பலத்தையே வெட்டிவிடாதே.

8. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதையும் நாலைந்து ஆட்டம் விட்டுப் பார். புது ஏற்பாடு ஆட்டக்காரர்களுக்குப் பழகவே நாள் ஆகும். கோல் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எதிரணி பாக்ஸுக்குள்ளிருந்து எத்தனை ஷாட் அடித்தது என்பதையும் அதே நோட்டில் எழுது. அந்த எண் குறைந்தும் கோல் மட்டும் குறையவில்லை என்றால், அப்போது கோல் கீப்பரைப் பற்றி யோசிக்கலாம்.