ரேட்டைக் குறைக்காமல் வேலை பிடிக்க அக்காவின் 4 டிப்ஸ்

பெங்களூருவில் சொந்தமாகக் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகளே! சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைத்து இன்று ஒரு வேலையைப் பிடித்தால், நாளைக்கே இன்னொருவர் நூறு ரூபாய் குறைப்பார். அடுத்தவரால் சட்டென்று செய்ய முடியாத ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

1. முக்கிய வேலை உங்கள் கைக்குள் இருக்கட்டும்

பி.என்.சி. மேனன் 1995-ல் பெங்களூருவில் தொடங்கிய ஷோபா நிறுவனத்தைப் பாருங்கள். மற்ற பில்டர்கள் பெரும்பாலும் வெளியே கொடுத்துச் செய்கிற மரவேலை, கண்ணாடி, உலோக வேலை, காங்கிரீட் பிளாக் எல்லாவற்றுக்கும் சொந்தத் தொழிற்சாலை வைத்தார்கள். தரமும் தேதியும் அவர்கள் கையில் நின்றன. இன்ஃபோசிஸ் தன் வளாகக் கட்டடங்களைக் கட்டும் வேலையை அவர்களிடம் கொடுத்தது. நமக்குத் தொழிற்சாலை வேண்டாம். சொந்த சென்ட்ரிங் செட்டும், நிலையான மேஸ்திரி, கம்பி கட்டும் ஆட்களும் போதும். வாரக்கூலி தவறாமல் கிடைத்தால் அவர்கள் வேறு சைட்டுக்குப் போக மாட்டார்கள்.

2. மறையப்போகிற வேலையைக் காட்டுங்கள்

ஸ்லாப் போடும் முன், கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் இருப்பதை வீட்டுக்காரரையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கம்பி சென்ட்ரிங் தகட்டோடு படுத்துவிடும். பின்னாளில் துருப்பிடித்து, கூரையிலிருந்து காங்கிரீட் பெயர்ந்து விழும். 7-ம் நாள், 28-ம் நாள் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

3. தண்ணீரைக் கொட்டேஷனில் எழுதுங்கள்

2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது, கட்டட வேலைக்குக் குடிநீர் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் க்யூரிங் வேண்டுமே! சுத்திகரித்த தண்ணீர் எங்கிருந்து வரும், டேங்கர் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் பாதியில் வேலை நிற்காது.

4. உத்தரவாதத்தை எழுத்தில் கொடுங்கள்

ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு ரெரா சட்டம். தனி வீடு கட்டித் தருகிற சிறு கான்ட்ராக்டரை அது கட்டாயப்படுத்துவதில்லை. நீங்களாகவே அதே உறுதியைக் கொடுங்கள். அடுத்த வேலையை அந்த வீட்டுக்காரரே கொண்டுவருவார்.

கட்டுப்படியாகாத ரேட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நஷ்டத்தைக் கம்பியிலும் சிமெண்டிலும்தான் ஈடுகட்ட வேண்டிவரும். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு குடும்பம் வாழப்போகிறது.