துன்புற்றோரைத் தேற்றும் முறை

தேறு என்பது தன்வினை. தேற்று என்பது அதன் பிறவினை. ஒருவன் தானே தெளிவடைதல் தேறுதல். அவன் தெளிவடையுமாறு பிறனொருவன் துணைநிற்றல் தேற்றுதல். நம் நாட்டுப் பெண்டிர் கலங்கல் நீர் தெளியும்பொருட்டுக் குடத்தின் உட்புறத்தே தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பது வழக்கம். கலித்தொகையின் நெய்தற்பகுதி, கலங்கிய தலைவியின் உள்ளம் தெளிந்தமைக்கு இவ்வித்தினால் தெளிந்த நீரையே உவமையாகக் கூறுகின்றது. இவ்வித்துச் சேற்றை அள்ளி வெளியே எறிவதில்லை. நீரில் மிதக்கும் நுண்டுகள்களை ஒன்றோடொன்று சேர்த்து, மெல்ல அடியிற் படியச் செய்கின்றது. குடத்தைக் குலுக்குவோன் எத்துணை அவசரங் காட்டினும் நீர் தெளியாது. துன்புற்ற நெஞ்சைத் தேற்றும் முறையும் இத்தகையதே. இதனை வேதாகமம் எவ்வாறு கற்பிக்கின்றது என்பதை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றை நோக்குவோம். கர்மேல் மலையில் வெற்றி கண்ட அப்பெரியோர், யேசபேல் அரசியின் அச்சுறுத்தலுக்கு அஞ்சிப் பெயர்செபாவுக்கு ஓடினார். தம் வேலைக்காரனை அங்கே நிறுத்திவிட்டுத் தனியே வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரை வேண்டினார். தேவன் அவரை அவிசுவாசி என்று கடிந்தாரில்லை. நீண்டதோர் உபதேசமும் செய்தாரில்லை. எலியா உறங்கினார், தேவதூதன் தட்டி எழுப்ப, தழலிற் சுட்ட அடையும் குடுவைத் தண்ணீரும் அருகே இருக்கக் கண்டார், உண்டு மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் தூதன் எழுப்பி, போகவேண்டிய தூரம் மிகுதி என்பதை நினைப்பூட்டி உண்ணச் செய்தான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பின்னரே கர்த்தர் அவரிடம் ஒரு வினாவை எழுப்பினார். அவ்வினாவும் குற்றஞ்சாட்டும் வினாவன்று. தம் உள்ளத்திலுள்ளதை அவரே எடுத்துரைக்க இடமளித்த வினா. அவர் உரைத்த விடையைக் கேட்டபின்பு அதே வினாவைக் கர்த்தர் மீண்டும் ஒருமுறை கேட்டதும், அதே விடையைப் பொறுமையோடு செவிமடுத்ததும் நாம் கருதத்தக்கன. இறுதியில் அவருக்குச் செய்தற்குரிய பணியும், உடனிருக்க எலிசா என்னும் துணையும், தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எண்ணிய அவர்க்கு மறுமொழியாக ஏழாயிரம் பேர் உளர் என்னும் செய்தியும் அருளப்பட்டன. உணவு, உறக்கம், செவிசாய்த்தல், பணி, துணை என்னும் இவ்வொழுங்கு மனித இயல்பை உண்டாக்கினவரே வகுத்த ஒழுங்கு என்க.

இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டை யோபின் சரித்திரத்திற் காண்கின்றோம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவரும் யோபின் துயரங்கேட்டு வந்து, ஏழு நாள் இரவும் பகலும் வாய்திறவாது அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் மெய்ந்நண்பரே. அவர்கள் பேசத் தொடங்கியபோதே குற்றம் தொடங்கிற்று. பாவம் செய்தவனுக்கே துன்பம் வரும். ஆதலின் துன்புறுகின்ற நீ பாவியாதல் வேண்டும் என்னும் தர்க்கத்தையே அவர்கள் பலவாறாக விரித்தனர். அவர்கள் கூறியவற்றுட் பல, தனியே எடுத்து நோக்கின், நல்ல வாக்கியங்களே. ஆயினும் சாம்பலில் அமர்ந்திருப்பவன்மேல் எறியப்படும்போது நல்ல வாக்கியமும் கல்லாகிவிடுகின்றது. நூலின் இறுதியில் தேவன் சினந்தது புலம்பிய யோபின்மேல் அன்று. தமக்காக வழக்காடியதாக எண்ணிய அந்நண்பர்மேலேயாம்.

புலம்பல் அவிசுவாசத்தின் அடையாளம் என்று எண்ணுவோர் 88ஆம் சங்கீதத்தை வாசிப்பாராக. ஏனைய புலம்பற் சங்கீதங்களிற் பெரும்பாலன துயரில் தொடங்கித் துதியில் முடியும். இதுவோ இருளிலேயே முடிகின்றது. அங்ஙனமிருந்தும் அது திருமறையினின்று விலக்கப்படவில்லை; சபையார் பாடும் பாட்டாகவே வைக்கப்பட்டிருக்கின்றது. இருளிலிருந்து எழும் கூக்குரலும் ஜெபமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, எம்மாவூர்ச் சாலையை நினைவோம். எருசலேமிலிருந்து ஏறக்குறைய ஏழு மைல் தொலைவிலுள்ள அவ்வூருக்கு இரண்டு சீஷர் துக்கமுகத்தோடு சென்றனர். உயிர்த்தெழுந்த ஆண்டவர் உடன்நடந்து, நிகழ்ந்தனவெல்லாம் தாம் அறிந்திருந்தும், அவர்கள் வாயாலேயே அவற்றைச் சொல்லச் செய்தார். முதலில் உடன்நடத்தல், பின் கேட்டல், அதன்பின்னரே வேதவாக்கியங்களை விளக்கல், இறுதியில் ஒரே பந்தியில் இருத்தல் என்பதே அப்பெருமான் காட்டிய வரிசை. நாமோ பெரும்பாலும் விளக்கவுரையிலேயே தொடங்கி, அங்கேயே முடித்தும் விடுகின்றோம்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதற்குரியதன்று. அடியேன் பிறந்து வளர்ந்த நெல்லித்தோப்பு, புதுவை நகரத்தின் நெருக்கமிக்க பகுதிகளுள் ஒன்று. அங்குள்ள விண்ணேற்பு அன்னை ஆலயத்தில் ஆகஸ்டு 15ஆம் நாள் திருவிழாவிற்கு மக்கள் திரள்வதைக் காண்போர், இவ்வூரில் தனிமை என்பதும் உண்டோ என வியப்பர். ஆயினும், இந்தியாவின் குற்றப்பதிவுகளைத் தொகுக்கும் தேசியக் கூடத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டோர் இந்தியா முழுமைக்கும் இலட்சத்திற்கு 12.4 பேராயிருக்க, புதுச்சேரியில் 29.7 பேராயினர். 2015ஆம் ஆண்டில் இவ்வளவு 43.2 ஆகி, நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சூரைச்செடியின் நிழல் உண்டு. அங்கே அடையும் தண்ணீரும் கொண்டுசெல்வார் இல்லாமற் போயினர் என்பதே நாம் வருந்தற்குரியது.

தேர்வில் தவறிய மாணாக்கன், கடன்பட்ட தகப்பன், குடிகாரக் கணவனோடு போராடும் மனைவி, பிணியால் நலிந்த முதியோர் ஆகிய இவர்களிடம், ஜெபித்தால் சரியாகும் என்று மட்டும் சொல்லி அகல்வது எளிது. ஜெபம் வேண்டும், அதனை ஐயுறுவார் நம்முள் இலர். ஆயின் எலியாவுக்கு அடையை அனுப்பிய தேவன், பிணியாளிக்கு மருத்துவரையும் அனுப்புகின்றார். மூன்றாம் சுவிசேஷத்தை எழுதிய லூக்காவைப் பிரியமான வைத்தியர் என்றே பவுல் அப்போஸ்தலர் குறிப்பிடுகின்றார்; அவரே தீமோத்தேயுவின் வயிற்றுநோய்க்கு மருந்தாவதொன்றையும் சொல்லி எழுதினார். உடல்நோய்க்கு மருந்துண்பது அவிசுவாசம் அன்றாயின், மனநோய்க்கு மருந்துண்பது மட்டும் அவிசுவாசமாவது எங்ஙனம்?

இக்கருத்தை உணர்ந்து செயலாற்றியோர் பலர். இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் குருவானவர் 1953ஆம் ஆண்டில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, உயிரை வெறுத்தோர் சொல்வனவற்றைக் கேட்கும் பணியைத் தொடங்கினார். தம்மைக் காணக் காத்திருந்தோர்க்குத் தேநீர் கொடுத்து உடனிருந்த எளிய தொண்டர்களே பலரைத் தேற்றிவிட்டதைக் கண்டு, அத்தொண்டர்களைக் கொண்டே சமாரியர் என்னும் சங்கத்தை அவர் வளர்த்தார். நம் தமிழ்நாட்டில் சென்னையில் 1986ஆம் ஆண்டு முதல் சிநேகா என்னும் நிறுவனம் சமயவேறுபாடின்றி இத்தொண்டினை ஆற்றி வருகின்றது. இந்திய அரசாங்கமும் 2022ஆம் ஆண்டில் டெலி மானஸ் என்னும் உதவியை ஏற்படுத்தியது. 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். மாணாக்கர் தத்தம் பாடஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தற்குரிய எண் இது.

தேற்றப் புகுவோன் மனங்கொள்ள வேண்டுவன நான்கு. முதலாவது, துன்புற்றவன் உண்டானா, உறங்கினானா என்று விசாரித்தல். இரண்டாவது, அவன் சொல்லி முடிக்குமட்டும் இடைமறியாமற் கேட்டல். வாழ வெறுப்பு உண்டோ என்று நேரே அன்போடு வினவவும் அஞ்சாமை. அவ்வினா இல்லாத எண்ணத்தை விதைப்பதில்லை. உள்ளதை வெளிப்படுத்தவே உதவும். மூன்றாவது, காரணம் கண்டுபிடித்துத் தீர்ப்புக் கூறாமை. நான்காவது, அவனைத் தனியே விடாது, தக்க பெரியோரிடமோ மருத்துவரிடமோ உடன் அழைத்துச் சேர்த்தல். இந்நான்கிற்கும் வேதசாஸ்திரப் பட்டம் வேண்டுவதில்லை. ஒரு நாழிகைப் பொழுதும் பொறுமையுமே வேண்டும்.

அன்பார்ந்த தோழர்காள்! இக்கலாசாலை விடுதியின் ஒவ்வொரு வரிசையிலும் விளக்கணைந்த ஓர் அறை இருத்தல் கூடும். அங்கே நாம் வேதவசனத்தை ஏந்திச் செல்வது நன்று. அதனோடு ஒரு குவளைத் தண்ணீரையும், கேட்கும் செவியையும் ஏந்திச் செல்வோமாயின், அவ்வசனம் கல்லாக விழாது. கலங்கல் நீரிற் படிந்த தேற்றாவித்தேபோல் அமைதியாகத் தன் வேலையைச் செய்யும்.