திசைப் பெயரும் நிலச் சாய்வும்

கிழக்கு, மேற்கு என்னுஞ் சொற்கள் கீழ், மேல் என்பவற்றினின்று பிறந்தவை என்பது தமிழ் வகுப்பில் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பாடம். மேற்றிசையில் மலையும் கீழ்த்திசையிற் கடலும் அமைந்த நாட்டிலே நீர் இறங்கும் பக்கம் கிழக்காயிற்று. காவிரியும் வையையும் இதற்குச் சான்று. இதனை யான் ஒருநாள் சொல்லி முடித்தபொழுது கமக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் பாலியாறு மேற்குப் பக்கமாகத்தானே ஓடுகிறது? தண்ணீர் மேலே ஏறுமோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. யான் சிரிக்கவில்லை, விடை உடனே வாய்க்கவுமில்லை.

அவன் கண்டது உண்மையே. வவுனிக்குளத்தை நிரப்பும் பாலியாறு வடமேற்காக ஓடிப் பாக்கு நீரிணையிற் கலக்கின்றது. கனகராயன் ஆறோ வடக்கு நோக்கி இரணைமடுவுக்குச் சென்று சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகின்றது. மல்லாவி உழவனுக்கு மேற்கே பள்ளம். அவ்வாறாயின் சொல் பிழையோ?

மலையாளத்தை நோக்குதல் வேண்டும். கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. எனினும் அந்நாட்டார் மலைப்பக்கத்தைக் கிழக்கு என்றே வழங்குகின்றனர். மேற்கை மாத்திரம் 'படிஞ்ஞாறு' என்பர். ஞாயிறு படியுமிடம் என்பது பொருள். மலைக்குக் கிழக்கே பிறந்த சொல் மலை கடந்து சென்றமைக்கு இதனைச் சான்றாகக் கொண்டார், 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல். நம் சொல்லும் அத்தகையதே. பிறந்த நிலத்தின் சாய்வைத் தன்னுட் சுமந்துகொண்டு, சாய்வு மாறிய வன்னியிலும் வழங்குகின்றது. காற்றின் பெயர்களுக்கு இவ்விடர் இல்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்பவை வீசும் பக்கத்தைக் கடற்றொழிலாளர்க்கு ஐயமின்றி உணர்த்தும்.

திசைக்குப் பக்கத்தைக் குறிப்பதன்றி வேறு பொருளும் உண்டு. தெற்கு யமனுக்குரியது; இறந்த முன்னோர் தென்புலத்தார் எனப்பட்டனர். வடக்கே தலைவைத்துப் படுத்தாற் பாட்டிமார் இன்றும் எழுப்பிவிடுவர். கோப்பெருஞ்சோழனோ வடக்கிருந்தே உயிர் துறந்தான். வட அமெரிக்காவின் செரோக்கிக் குடிகளுக்குச் சாவின் திசை மேற்கு, அதன் நிறம் கருமை. தெற்கோ வெண்மையும் அமைதியும் என 1891இல் மூனி என்னும் அறிஞர் எழுதினார். ஞாயிறு மறையும் திசையைச் சாவுக்கு வைத்தமை எளிதில் விளங்குகின்றது. நம்மவர் தெற்கைத் தெரிந்தமை வேறொரு கட்டுரைக்குரியது.

மறுநாள் அம்மாணவனுக்கு இவ்விடையைச் சொன்னேன். "அப்படியானால் எங்கள் ஆறும் பிழையில்லை, சொல்லும் பிழையில்லை" என்றான். இப்பொழுதெல்லாம் இப்பாடத்தைத் தொடங்குமுன், பாலியாறு ஓடும் வழியைக் கரும்பலகையில் மாணவரைக்கொண்டே வரைவிக்கின்றேன்.