கல்யாண வீடும் காமிராவும்

முன்னுரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. அவ்விரண்டோடு "வீடியோ எடுத்துப் பார்" என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம் என்பது என் அனுபவம். சென்ற வைகாசியில் என் அக்காவின் திருமணம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது. போட்டோவுக்கு மட்டும் ஆள் பேசினோம். வீடியோவுக்குக் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மீறியதாக இருந்தது. அந்த ஆண்டுப் புளி விற்ற பணத்தில் 30,000 ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்த அப்பா, "நீ தானேடா பிசிக்ஸ் படிக்கிற? இதுக்குள்ள எது நல்லதோ பார்த்து வாங்கு. கல்யாணம் முடிஞ்சாலும் நாலு பேருக்கு உதவும்" என்றார். வகுப்பில் படித்த பாடத்தை வாழ்க்கையில் பயன்படுத்தும் நிலை இவ்வாறு எனக்கு ஏற்பட்டது. நான் ஆராய்ந்து அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய நாடா தந்த பாடம்

காமிராக் கடைக்குப் போகுமுன் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அதில் 1996-இல் நடந்த என் பெற்றோர் திருமணத்தின் வீடியோ நாடா இருந்தது. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். வகையைச் சேர்ந்தது அது. காமிராவும் பதிவுக் கருவியும் ஒன்றாக இணைந்த வீடியோ காமிரா 1983-இல் சோனி நிறுவனத்தின் வாயிலாக விற்பனைக்கு வந்தது. அதன் பின்னரே கல்யாண வீடியோ என்னும் தொழில் சிற்றூர்களை எட்டியது எனலாம். ஆனால் வி.எச்.எஸ். நாடாவை ஓட்டும் கருவியைக் கடைசி வரையில் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பூஞ்சை படிந்த எங்கள் நாடாவை அலைந்து திரிந்து மாற்றிக் கொண்டுவந்தோம்.

படத்தில் என் தாத்தா தெரிந்தார். மணமக்களுக்கு அட்சதை போட்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அவர் குரலை அழித்துவிட்டு அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். அக்காலத்தில் பலரும் செய்த வழக்கம் அது. அப்பா மூன்று முறை அந்த இடத்தைப் போடச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நல்ல காமிரா என்பது படத்தை மட்டும் பிடிப்பதன்று, குரலையும் பிடிக்க வேண்டும். பிடித்தது நிலைக்கவும் வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஒளி

நம் மாவட்டத்தில் முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில் அமைகிறது. மண்டபத்து விளக்கு, ஓமப் புகை, மணவறை அலங்காரத்தின் நிழல் இவற்றினிடையே படம் எடுக்க வேண்டும். ஆகவே காமிரா எவ்வளவு ஒளியை ஏற்கும் என்பதே முதற் கேள்வி. விளம்பரத்தில் காணும் மெகாபிக்சல் எண் இதற்கு விடையாகாது. ஒளியை ஏற்கும் உணர்சில்லின் பரப்பையும் லென்சின் துளையையும் பார்க்க வேண்டும்.

சிறிய காமிரா பலவற்றிலும் உள்ள சில்லின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். லென்ஸ் கழற்றும் காமிராக்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சில்லின் பரப்போ ஏறத்தாழ 366 சதுர மில்லிமீட்டர். அதாவது பதின்மூன்று மடங்கு. லென்சில் எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 5.6 என்பதை 1.8 ஆல் வகுத்து வருவதை வர்க்கப்படுத்தினால் 9.7 வரும். எனவே எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6 லென்சைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒளி போதாதபோது காமிரா மின்குறியைப் பெருக்கிக் காட்டும். அப்போது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். பட்டுப்புடவையின் நிறமும் மங்கிவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலால் விளக்கொளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடியாக வைத்தால் ஒவ்வொரு படத்திலும் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். அறுபதில் ஒன்றாக வைத்தால் கணக்கு ஒத்துவராமல் படம் விட்டுவிட்டு மினுங்கும். இந்த அளவைக் கையால் மாற்ற இடம் தராத காமிராவை வாங்கலாகாது.

நேரம்

லென்ஸ் கழற்றும் காமிராக்கள் பலவும் ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 விநாடிக்கு மேல் பதிவு செய்யா. இது கருவியின் பலவீனம் அன்று. அரை மணியும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவியை வீடியோ காமிராவாகக் கொண்டு கூடுதல் வரி விதித்த முன்னாளைய ஐரோப்பியச் சுங்க விதியே இதற்குக் காரணம். புதிய காமிராக்கள் சிலவற்றில் இவ்வரம்பு இல்லை. நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் பழைய காமிராக்களில் உண்டு.

சேமிப்புக்கும் கணக்குப் போட வேண்டும். விநாடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிவானால், எட்டால் வகுக்க, விநாடிக்கு 6.25 மெகாபைட், மணிக்கு 22.5 ஜிகாபைட். 64 ஜிகாபைட் கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். எனவே இரண்டு கார்டுகளும் மாற்று பேட்டரியும் ஆடம்பரம் அல்ல, அவசியம் ஆகும்.

ஒலி

கெட்டிமேளம் முழங்கும்போது காமிராவின் தானியங்கி அமைப்பு ஒலியளவைத் தாழ்த்திவிடும். மேளம் ஓய்ந்ததும் பெரியவர்கள் மெல்லச் சொல்லும் வாழ்த்து அந்தத் தாழ்ந்த அளவிலேயே அமுங்கிப் போகும். எனவே ஒலியளவைக் கையால் நிறுத்தும் வசதியும், வெளி மைக் செருகும் துளையும் இருத்தல் வேண்டும். தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் ஒலிச்செறிவு குறையும் என்று படித்திருக்கிறோம். இரண்டு மீட்டரில் உள்ள மைக்கைவிட எட்டு மீட்டரில் உள்ள மைக்குக்குப் பதினாறில் ஒரு பங்குதான் கிடைக்கும். விலையுயர்ந்த மைக்கைத் தூரத்தில் வைப்பதைவிட மலிவான மைக்கை அருகில் வைப்பதே மேல்.

தேர்வு

என் முன்னே நான்கு வழிகள் இருந்தன. பழைய டேப் காமிரா மிக மலிவு. ஆனால் நாடா கிடைப்பதும் கணினிக்கு மாற்றுவதும் கடினம். எங்கள் வீட்டு நாடாவின் கதி அதற்கும் வரும். கையடக்க வீடியோ காமிரா இடைவிடாமல் ஓடும், நன்றாக ஜூம் செய்யும். ஆனால் சில் சிறியது. செல்போன் கையிலேயே இருக்கிறது. எனினும் தூரத்து முகத்தை ஜூம் செய்தால் தெளிவு கெடும். நான்காவது, ஒருவர் பயன்படுத்திய ஏபிஎஸ்-சி சில் உடைய காமிரா. ஒளி, ஒலி இரண்டிலும் இதுவே தேறியது. நேரத்தில் மட்டும் குறை. அக்குறையைச் செல்போனைக் கொண்டு ஈடுகட்டத் துணிந்தேன். காமிராவின் பெயரைக் குறித்தால் விளம்பரம் ஆகிவிடும் என்பதால் விடுக்கிறேன்.

சாதாரண லென்சோடு காமிரா 20,500 ரூபாய், எஃப் 1.8 லென்ஸ் இரண்டு நாள் வாடகை 1,000, ஆறு மீட்டர் ஒயர் கொண்ட காலர் மைக் 1,300, ஸ்டாண்டு 2,700, கார்டு இரண்டு 1,400, மாற்று பேட்டரி 1,600. ஆக 28,500 ரூபாய். மீதி 1,500-ஐ அப்பாவிடமே கொடுத்தேன். பணம் கொடுக்குமுன் கடையிலேயே விளக்கை அணைத்து ஒரு முறையும், தொடர்ந்து இருபத்தைந்து நிமிடம் ஓட்டி ஒரு முறையும் சோதித்தேன். ஒரு வாரம் முன்பு எதிர் வீட்டுக் காதணி விழாவில் ஒத்திகையும் பார்த்தேன்.

முகூர்த்த நாள்

மணவறைக் காலில் மைக்கைக் கட்டினேன். மறுபுறம் தம்பியின் செல்போனை உயரமாக நிறுத்தி முழுக் காட்சியும் விழும்படி ஓட விட்டேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை காமிராவை நிறுத்தி மீண்டும் ஓட்டுவது என் திட்டம். ஆனால் கூட்டத்தை விலக்கச் சித்தப்பா என்னைக் கூப்பிட, நேரத்தை மறந்தேன். திரும்பி வந்து பார்க்கையில் காமிரா தானே நின்றிருந்தது. அந்த இரண்டு நிமிட இடைவெளியில் தாலி கட்டியாயிற்று! என் கை கால் நடுங்கியது. நல்ல வேளையாகச் செல்போனில் அக்காட்சி முழுமையாக விழுந்திருந்தது. இரண்டாவது கருவி இல்லாமல் ஒருவரும் கல்யாணம் எடுக்கத் துணிய வேண்டாம்.

மேளம் ஓய்ந்தபின் என் பாட்டி மெல்ல நடந்து வந்து அட்சதை போட்டார். "உங்க தாத்தா உங்கம்மாவுக்குச் சொன்னதத்தான் நானும் சொல்றேன். எந்நாளும் அடுப்பு அணையாம, வந்தவங்க பசியாற, வாழுங்க சாமி" என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்களுக்குத் தெரியாதிருந்த வாக்கு அது. காமிராவில் ஒரு சொல் குறையாமல் பதிவாயிற்று.

முடிவுரை

நண்பர்களே, ஒளிக்குப் பெரிய சில், ஒலிக்கு அருகில் மைக், துணைக்கு இரண்டாவது கருவி, பாதுகாப்புக்கு மூன்று பிரதிகள். அவற்றுள் ஒன்றேனும் வேறு வீட்டில் இருக்கட்டும். இந்நான்கையும் கவனித்தால் எளியவர் வீட்டுத் திருமணமும் அழியாது நிற்கும். பின்னணியில் பாட்டுச் சேர்க்க வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். ஊர்வலத்துக்கு மட்டும் சேர்த்தேன். பாட்டி பேசும் இடத்தில் கை வைக்கவில்லை. அப்பா இன்றும் சில இரவுகளில் அந்த இடத்தைப் போடச் சொல்கிறார்.