படமும் எழுத்தும்: ஆவணத்தில் அடுக்குகள்

மாணவர்களே, விளையாட்டுப் போட்டிக்கான சான்றிதழ் ஒன்றை வேர்டில் தயாரிக்கும்படி எமது வகுப்பில் ஒருமுறை பயிற்சி கொடுத்தேன். பாடசாலைச் சின்னம் நடுவில் மங்கலாகத் தெரிய, அதன் மேல் வெற்றியாளரின் பெயர் வரவேண்டும். ஒரு மாணவி சின்னத்தை உட்புகுத்தியதும் எழுத்துக்கள் கீழே தள்ளப்பட்டன. மூன்று தடவை அழித்து மீண்டும் உட்புகுத்தினார். பலன் ஒன்றே.

காரணம் இதுதான். வேர்டில் உட்புகுத்தும் படம் சாதாரணமாக 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' நிலையிலேயே அமரும். அதாவது அது ஒரு பெரிய எழுத்தைப் போல நடந்துகொள்ளும். ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் மேல் ஏறாதல்லவா?

எனவே படத்தைத் தெரிவு செய்து, 'ராப் டெக்ஸ்ட்' பட்டியலில் (வேர்ட் 2007இல் 'டெக்ஸ்ட் ராப்பிங்') 'பிஹைண்ட் டெக்ஸ்ட்' என்பதைச் சொடுக்குக. படம் எழுத்துக்களின் பின்னால் செல்லும். 'இன் ப்ரன்ட் ஒப் டெக்ஸ்ட்' எனில் எழுத்தை மறைக்கும். 'ஸ்குவெயார்', 'டைட்' என்பன எழுத்து படத்தைச் சுற்றி ஓடுவதற்கானவை, அடுக்குவதற்கல்ல. சின்னத்தின் நிறம் கடுமையாயின் 'வொஷ்அவுட்' கொடுத்து மங்கலாக்குக. பெயரை டெக்ஸ்ட் பொக்ஸில் எழுதியிருந்தால் அதற்கு 'நோ பில்' கொடுக்க வேண்டும். இல்லாவிடின் அதன் வெள்ளைப் பின்னணி சின்னத்தை மூடிவிடும்.

அதிகம் பிழைவிடும் இடம்: 'சென்ட் டு பேக்' வேறு, 'சென்ட் பிஹைண்ட் டெக்ஸ்ட்' வேறு. ஆவணத்தை மூன்று தட்டுகளாக நினையுங்கள். அடியில் பின்னால் அனுப்பிய படங்கள், நடுவில் எழுத்து, மேலே முன்னால் கொண்டுவந்த படங்கள். மேல்தட்டுப் படமொன்றுக்கு 'சென்ட் டு பேக்' கொடுத்தால் அத்தட்டிலுள்ள மற்றப் படங்களின் கீழ் போகும். எழுத்தின் கீழ் போகாது.

பின்னால் சென்ற படத்தைச் சொடுக்கினால் அநேகமாகக் கேர்சர் எழுத்திலேயே நிற்கும். 'ஹோம்' பகுதியில் 'செலக்ட்', பின் 'செலக்ட் ஒப்ஜெக்ட்ஸ்' என்பதைத் தெரிந்து படத்தைச் சொடுக்குக. முடிந்ததும் எஸ்கேப் விசையை அழுத்த மறக்காதீர்கள். மறந்துவிட்டு, தட்டச்சு வரவில்லை, விசைப்பலகை பழுது என்று என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு!

வினா: படமொன்று 'இன் ப்ரன்ட் ஒப் டெக்ஸ்ட்' நிலையில் பந்தியொன்றை மறைத்துள்ளது. மாணவன் 'சென்ட் டு பேக்' கொடுத்தும் பந்தி தெரியவில்லை. ஏன்? செய்ய வேண்டியது யாது?

விடை: அக்கட்டளை படங்களுக்கிடையிலான ஒழுங்கை மட்டுமே மாற்றும். 'சென்ட் பிஹைண்ட் டெக்ஸ்ட்' கொடுக்க வேண்டும்.